உடற்கல்விப் பாடவேளையைப் பிடுங்காதீர்கள்

உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். பரீட்சை கிட்டியதும், "உடற்கல்வியை விட்டுவிட்டுக் கணக்கை நடத்துங்கள்" என்று பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்பது நாம்தானே? முற்றத்தில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்று, எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறோம் என்று எண்ணும் பிள்ளையை, "விளையாடினது போதும், போய்ப் படி" என்று அதட்டுவதும் நாம்தான். அவள் படித்துக்கொண்டுதான் இருந்தாள்!

கண்ணை மூடியதும் உடம்பு ஏன் தள்ளாடுகிறது? விழாமல் நிற்பதற்கு மூளைக்கு மூன்று வழியாகச் செய்தி போகிறது. கண் ஒன்று. பாதம், மூட்டு, தசை எல்லாம் சேர்ந்து ஒன்று. மூன்றாவது உட்காது. அங்கே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்குவதை வைத்துத்தான் திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது. இந்தச் சமநிலை உறுப்பை ஆராய்ந்த ரொபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே கேள்வியைத்தான் உங்கள் மகள் முற்றத்தில் கேட்டாள்.

உடப்புக் கரையில் அம்பா பாடிக் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். முழங்காலை மடித்து, குதியை மணலில் புதைத்து, பின்னால் சாய்கிறார்கள். கயிறு கடல் பக்கம் இழுக்க, சாய்ந்த உடம்பின் பாரம் அதற்கு ஈடு கொடுக்கிறது. முழங்காலை மடித்தால் புவியீர்ப்பு மையம் தாழும். ஆளைச் சரிப்பது கடினம். வாத்தியார் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் இதைக் காட்டினால், "வெயிலில் அலைக்கழிக்கிறார்" என்று முறைப்பாடு செய்கிறோம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டிக் களப்பில் பட்டம் பிடித்துப் பலகையில் சறுக்க வெளிநாட்டார் காசு கொடுத்து வருகிறார்கள். நம் பிள்ளைகளோ ரியூசன் கொட்டிலில்.

5 முதல் 17 வயது வரையானவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 வீதமானோருக்கு அது கிடைக்கவில்லை. பெரியபிள்ளை ஆனதும் மைதானத்தை மறக்கச் சொல்லும் வீடுகள் நம்மிடம் எத்தனை! எலும்பும் தசையும் உரம் பெறும் வயதில் உட்கார வைக்கிறோமே, இது என்ன நியாயம்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பாடவேளையைத் திருப்பிக் கேளுங்கள். மகள்களுக்கும் சேர்த்தே கேளுங்கள்.