ஆராவது மணிக்கூட்டை நிப்பாட்டினீங்களோ?

ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் பண்ணைப் பாலத்துக்கு ஒருக்கா வந்து பாருங்கோ. கோட்டையடியில் தொடங்கி மண்டைதீவுச் சந்திப் பக்கம் ஓடித் திரும்புகிற பெடியளும் பெட்டையளும் இப்ப நிறையப் பேர். நல்ல விசயம். திரும்பி வரேக்க கோட்டைப் பக்கமிருந்து சூரியன் முகத்தில அடிக்கும், இரண்டு பக்கமும் கடல், தண்ணிக்குள்ள நட்ட தடிகளில் கொக்குகள் நிற்கும். ஓட்டம் முடிந்த உடனே ஒருத்தரும் அதைப் பார்க்கிறதில்லை. எல்லாரும் குனிந்து மணிக்கட்டைப் பார்ப்பினம். ஒரு நாள் ஒருத்தன் மூச்சு வாங்க வந்து நின்றான், மணிக்கூட்டைப் பார்த்தான், "ச்சே, 9.92" என்றான், வந்த வழியே இன்னும் 80 மீற்றர் ஓடிப்போனான். 10.00 விழுந்ததும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டு, ஆறுதலாக நடந்து எங்களிட்ட வந்தான்.

அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. படுக்கப் போகிற நேரம் 9,400 அடி என்று காட்டினால், இருட்டுக்குள்ள கிணத்தடியைச் சுற்றிச் சுற்றி நடந்தவன் நான். "உனக்கு என்னடா, பேய் கீய் பிடிச்சிட்டுதோ?" என்று அம்மா கேட்டவ. 

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமோ? 1964 இல் ரோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அந்தச் சூடு ஆற முதல், 1965 இல், யமாசா என்ற யப்பானியக் கம்பனி அடி எண்ணுகிற கருவி ஒன்றைச் சந்தைக்கு விட்டது. பெயர் மன்போ-கெய். பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று அர்த்தம். வட்டமான எண், வாயில நிற்கும், விற்கும். அறுபது வருசம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒருத்தன் அதற்காகக் கிணத்தைச் சுற்றினான்.

இவ்வளவும் பகிடிதான். பகிடி இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களோட ஓடுகிற தம்பி ஒருத்தன், இருபது வயது. எங்கட பக்கம் நடந்த அரை மரதன் ஒன்றுக்கு நான்கு மாதம் பயிற்சி எடுத்தான். இரவல் மணிக்கூடு. அது அவனுக்கு 21 கிலோமீற்றரை 1 மணி 52 நிமிசத்தில் முடிப்பாய் என்று கணித்துச் சொல்லியிருந்தது. கிலோமீற்றருக்கு 5 நிமிசம் 19 செக்கன். அந்த எண்ணை அவன் கை விரலில் பேனையால எழுதிக்கொண்டு வந்தான். ஓட்டம் ஐந்தரைக்குத் தொடங்க வேண்டியது. பிரதம விருந்தினர் பிந்தி வந்தார், பிறகு அவருக்கு மாலை, பிறகு பேச்சு. தொடங்கேக்க ஏழு மணி தாண்டிவிட்டது. வெயில் ஏறிவிட்டது, தார் றோட்டு சுடத் தொடங்கிவிட்டது. விரலில எழுதின எண் மட்டும் மாறேல்லை.

பதினாலாவது கிலோமீற்றரில் தனக்குக் குளிர்ந்தது என்று பிறகு சொன்னான். அந்த வெயிலுக்குள்ள மயிர் சிலிர்த்ததாம். வெப்பம் உடம்பை அடித்துப் போடப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. நீ ஏன்ரா நிக்கேல்லை என்று கேட்டோம். "அண்ணை, மணிக்கூட்டைப் பாத்தனான், 5.20 எண்டு காட்டினது. அப்ப எல்லாம் சரிதானே எண்டு நினைச்சன்."

பதினேழாவதில் விழுந்தான். றோட்டோர வீட்டு அன்ரி ஒருத்தி வாளியோட ஓடிவந்து தலையிலயும் நெஞ்சிலயும் தண்ணி ஊத்தினா. அவ செய்ததுதான் சரியான வைத்தியம், சூட்டை உடனே இறக்க வேணும். பிறகு ஓட்டோவில் ஏத்தி ஆஸ்பத்திரி, சேலைன். கண் திறந்து, ஆர் ஆர் நிற்கினம் என்று பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. அது ஓட்டோவுக்குள்ளயும் எண்ணிக்கொண்டுதான் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போனைத் திறந்தால், வாழ்த்துக்கள், உங்கள் வாழ்நாளின் ஆக வேகமான 5 கிலோமீற்றர் என்று ஒரு பதக்கம். கீழே நாற்பது பேருக்கு மேல் கைதட்டியிருந்தார்கள். அதில் ஒரு தட்டு என்ர. வடிவாகப் பார்க்காமல் தட்டினது.

"மணிக்கூட்டில என்ன பிழை, பெடியன்தானே யோசிச்சிருக்க வேணும்" என்று சொல்லுகிறவை இருக்கினம். பிரதம விருந்தினரில பிழை என்று சொல்லுகிறவையும் இருக்கினம், அவையோட எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

மணிக்கூட்டின் அடியில் பச்சை வெளிச்சம் மின்னும். தோலுக்குக் கீழே ஓடுகிற இரத்தம் அந்தப் பச்சையை உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வருகிற வெளிச்சம் கூடிக் குறையும், அதைக் கொண்டு துடிப்பை ஊகிக்கும். சும்மா இருக்கேக்க நல்லாத்தான் வேலை செய்யும். ஓடும்போது கை ஆடும், பட்டி தளரும், வியர்வை வழியும். சில நேரம் அது இதயத்தை விட்டுவிட்டுக் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிசத்துக்கு 170 அடி வைக்கிறீர்கள் என்றால் இதயமும் 170 என்று காட்டும். நீங்களும் பயந்து மெதுவாக்குவீர்கள், அல்லது பெருமைப்படுவீர்கள்.

உங்கட அதிகூடிய துடிப்பு எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லாவிட்டால், பெரும்பாலும் 220 இலிருந்து வயதைக் கழிக்கும். 1970களின் தொடக்கத்தில், அதற்கு முதல் வந்த ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகப் போட்டுக் குத்துமதிப்பாக எடுத்த கணக்கு அது. ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு துடிப்பு கூடிக் குறைவது மிகச் சாதாரணம். அதன் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வலயங்கள் கீறி, நீ இப்ப நாலாம் வலயத்தில் நிற்கிறாய் என்று எங்களுக்குச் சொல்லுகிறது. எரித்த கலோரியோ அதைவிட மோசம். 2017 இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைக் கட்டி அளந்து பார்த்தார்கள். கலோரியில் ஆகத் திறமானதே சராசரியாக 27 சதவீதம் பிழை, ஆக மோசமானது 93 சதவீதம். அதை நம்பி ஓட்டம் முடிந்ததும் இரண்டு ரோல்ஸ் கூடச் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். (ஓம், நான்தான்.)

எங்கட வெயில் இன்னொரு கதை. சூட்டில் உடம்பு தன்னைக் குளிராக்கத் தோலுக்கு இரத்தம் அனுப்பும், வியர்வையில் தண்ணி போகும், மிச்ச இரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் கூடுதலாக அடிக்கும். ஈரக்காற்றில் வியர்வை காய்வதும் இல்லை. அதே வேகம், துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டு போகும். வேகத்தையும் துடிப்பையும் ஒப்பிட்டுத்தான் மணிக்கூடு உங்கட தேகநிலையைக் கணிக்கிறது. சித்திரை மாதம் ஓடினால் உங்கட தகுதி குறைந்துவிட்டது என்று அது நினைக்கும். அம்மம்மாவோட ஆஸ்பத்திரியில் மூன்று இரவு நின்றுவிட்டு வந்து, நித்திரைத் தூக்கத்தோட ஓடின ஒரு காலையில், என்ர மணிக்கூடு என்னைப் பற்றி ஒரே ஒரு சொல் சொன்னது: பயனற்றது. உந்தச் சொல்லை ஒரு மனிசன் என்ர முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பன் எண்டு நீங்களே யோசியுங்கோ. மணிக்கூடு சொன்னதும் நான் வெட்கப்பட்டேன்.

அதனால்தான், எண் பிழை என்பது என்ர முதல் முறைப்பாடு இல்லை. நாளைக்கு அச்சொட்டாக அளக்கிற மணிக்கூடு வரட்டும். வந்தாலும் அந்தத் தம்பி குளிர்ந்தபோது தன் உடம்பைக் கேட்காமல் மணிக்கட்டைத்தான் பார்த்திருப்பான். நான்கு மாதமாக அவன் பழகினது அதுதான். பயிற்சி என்று நாங்கள் சொல்லுவது காலுக்கும் நெஞ்சுக்கும் மட்டும் கொடுப்பதல்ல. இது களைப்பு, இது நோ, இது சோம்பல், இது ஆபத்து என்று பிரித்தறிகிற புத்திக்கும் சேர்த்துத்தான். அந்தப் பாதியை நாங்கள் கம்பனிக்காரனுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஓடேக்க, நாற்பது பேருக்கு ஒரு நிறுத்தற் கடிகாரம். அதுவும் சேரின் கழுத்தில. தூர ஓட்டத்துக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "பக்கத்தில ஓடுறவனோட கதைச்சுக்கொண்டு ஓடு. கதைக்க ஏலாட்டி நீ கெதியா ஓடுறாய்." அது பட்டிக்காட்டு வைத்தியம் என்று நினைத்திருந்தேன். பேச்சுச் சோதனை என்ற பெயரில் அதையே விளையாட்டு விஞ்ஞானத்தில் படிப்பிக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சுவீடன் நாட்டு உளவியலாளர் குனார் போர்க் 1960களில் ஓர் அளவுகோல் செய்தார், 6 இலிருந்து 20 வரை. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று ஓடுகிறவனே ஒரு எண் சொல்ல வேணும். அதைப் பத்தால் பெருக்கினால் இளம் ஆட்களின் துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரும். பச்சை வெளிச்சம் தேவையில்லை, சார்ஜ் தேவையில்லை. உங்களைக் கேட்டால் காணும்.

இனி வரைபடக் கதை. 2018 தையில், ஸ்ராவா வெளியிட்டிருந்த உலக ஓட்ட வரைபடத்தை உற்றுப் பார்த்த அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர், பாலைவனங்களுக்கு நடுவில் ஒளிர்ந்த கோடுகள் இராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுக்கின்றன என்று கண்டுபிடித்தார். மதிலைச் சுற்றி ஓடின சிப்பாய்களின் தடங்கள். 2024 இல் லு மொன்ட் பத்திரிகை அதே வழியால் மக்ரோன், பைடன், புட்டின் ஆகியோரின் மெய்ப்பாதுகாவலர்கள் போய்வந்த இடங்களைப் பின்தொடர்ந்து காட்டியது. உலகத்தின் ஆகப் பலத்த காவலுக்குள் இருப்பவர்களுக்கே இந்த நிலை.

எங்கட தாய் தகப்பன், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச்சாவடி வரிசையில் நின்று, எங்க போறாய், ஏன் போறாய், எப்ப திரும்புவாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சீவித்தவர்கள். அந்த மூன்று கேள்விக்கும் நாங்கள் ஒவ்வொரு காலையும், ஒருத்தரும் கேளாமலே, வரைபடத்தோட பதில் போடுகிறோம். என்ர மணிக்கூடு ரொறன்ரோவில இருந்து மாமா கொண்டுவந்து தந்தது. நான் ஒரு நாள் ஓடாவிட்டால் அங்கயிருந்து "சுகமில்லையோ" என்று கேட்பார். பாசம்தான். ஆனால் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "மாமாவுக்குத் தெரியுமெண்டால் வேற ஆருக்கெல்லாம் தெரியும்?" என்றா. எனக்குப் பதில் வரேல்லை.

எங்கட குழுவில் ஒரு பிள்ளை. ஐந்து மணிக்குத் தனிய ஓடுகிறவள். முன்பின் தெரியாத ஒருத்தன் அவளின்ர ஓட்டத்துக்குக் கீழே எழுதினான்: "இண்டைக்கு ஒழுங்கையால வரேல்லையே, ஏன்?" வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிகிற கோடு, நேரத்தோட. மறைக்க வழி இருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் அவளுக்கு வகுப்பெடுத்தோம். அவள் கேட்டது நியாயமான கேள்வி: "மறைக்கத் தெரியாதது என்ர பிழையோ?" மூன்று மாதம் அவள் ஓடவில்லை.

இந்தத் தரவு ஆருடையது என்றும் ஒருக்கா யோசிக்க வேணும். 2020 ஆடியில் கார்மின் கம்பனியின் கணினிகளைக் கப்பக்காரர் முடக்கியபோது, உலகம் முழுக்க ஓடினவர்களால் நாட்கணக்கில் தங்கட ஓட்டங்களை ஏற்ற முடியவில்லை. ஏற்றாவிட்டால் ஓடினதாகக் கணக்கோ என்று சனம் தவித்தது. ஃபிற்பிற்றை கூகிள் 210 கோடி டொலர் பேசி, 2021 தையில் வாங்கி முடித்தது. பட்டிக்கும் கண்ணாடிக்குமா அவ்வளவு காசு?

காசு என்றதும் ஒன்று. நல்ல ஓட்ட மணிக்கூடு ஒன்று இங்க லட்ச ரூபாவைத் தாண்டும். ஓட்டம் என்பது ஒரு சப்பாத்தும் ஒரு றோட்டும் இருந்தால் போதும் என்றிருந்த விளையாட்டு, சப்பாத்து இல்லாமலும் ஓடினோம். இப்ப புதுசாக வருகிற பிள்ளை முதலில் கேட்பது "அண்ணை, எந்த மணிக்கூடு வாங்க?" வாங்க வசதியில்லாததுகள் இரண்டு கிழமையில் நின்றுவிடுதுகள். வாட்சப் குழுவில் எல்லாரும் படம் போடேக்க, அதுகளுக்குப் போட ஒன்றுமில்லை.

இதய வருத்தக்காரர், வைத்தியர் சொல்லிக் கட்டுகிறவர்கள், பயிற்றுநரோட போட்டிக்கு ஓடுகிற ஆட்கள், அவர்களோட எனக்கு வழக்கில்லை. பயிற்றுநர் எண்ணைப் பார்ப்பார், பிறகு உங்கட முகத்தையும் பார்ப்பார். நான் கதைக்கிறது மற்ற எங்களைப் பற்றி, முகத்தைப் பார்க்க ஆளில்லாத எங்களைப் பற்றி. போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேணும்: வெயில் ஏற முதல் தொடங்குங்கோ, இல்லையெண்டால் தூரத்தைக் குறையுங்கோ. மாலையை ஓட்டம் முடிஞ்சாப் பிறகு போடலாம்.

குழுவில் நான் கேட்டது சின்ன விசயம். கிழமையில் ஒரு நாள், ஞாயிறு, மணிக்கூடு இல்லாமல் ஓடுவோம், அண்டைக்கு ஒருத்தரும் வரைபடம் போடுகிறதில்லை. கழட்ட மனமில்லாதவர்கள் கண்ணாடிக்கு மேல பிளாஸ்டர் ஒட்டட்டும். என்ரதில் நான் ஒட்டியிருக்கிறேன், இன்னமும் கழட்டேல்லை, கையில்தான் கிடக்கிறது, மாமாவுக்கு என்ன சொல்லுகிறது என்று தெரியவில்லை. இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள். ஒருத்தன் எனக்கு விசர் என்று பச்சையாகவே எழுதினான். அந்தப் பிள்ளை திரும்ப வந்திருக்கிறாள், ஞாயிறுகளில் மட்டும்.

தம்பியும் ஓடத் தொடங்கிவிட்டான். இரவல் மணிக்கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். போன ஞாயிறு வியர்வையோட வந்து நின்றவனிடம், எவ்வளவு தூரமடா என்று பழக்கதோசத்தில் கேட்டுவிட்டேன். "மண்டைதீவுச் சந்தி மட்டும் போய், தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டு வந்தனான் அண்ணை."