காற்றுக்கு வட்டி

ஆடித் தபசுக்குத் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் தேவர்குளம், பனவடலிச்சத்திரம் வழியில் காற்றாலைகள் சுழல்வதைக் காண்பார்கள். செங்கோட்டைக் கணவாயில் புகுந்து வரும் காற்று முன்னெல்லாம் கரிசல் புழுதியை மட்டுமே கிளப்பிற்று. இப்பொழுது மின்சாரமும் தருகிறது.

கரிப்புகையால் பூமியின் உஷ்ணம் ஏறுகிறது, ஆகவே நிலக்கரியைக் கைவிடுங்கள் என்று செல்வ நாடுகள் நமக்குப் போதிக்கின்றன. ஓர் இந்தியனின் பங்காக வருஷத்துக்குச் சுமார் 2 டன் கரிவாயு எழும்புகிறது. ஓர் அமெரிக்கனின் பங்கு சுமார் 14 டன். ஆயினும் போதனையை நாம் தள்ளவில்லை. மழை பொய்த்தால் முதலில் வாடுவது நமது மானாவாரி நிலமே. கேள்வியெல்லாம், முதல் எங்கிருந்து வரும் என்பதுதான்.

நிலக்கரி நிலையத்துக்கு வருஷந்தோறும் கரி வாங்கும் செலவு உண்டு. காற்றாலைக்கோ ஏறக்குறைய முழுச் செலவும் ஆரம்பத்திலேயே ஆகிவிடுகிறது. காற்றுக்கு யாரும் விலை கேட்பதில்லை. போட்ட முதலுக்குக் கொடுக்கும் வட்டியே யூனிட்டின் விலையைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. சூரிய மின்சார நிலையங்கள் விஷயத்தில், வளரும் நாடுகளில் முதலுக்கு ஆகும் செலவு செல்வ நாடுகளில் ஆவதைப்போல் இரு மடங்குக்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. காற்றாலைக்கும் நியாயம் ஒன்றே. வெயிலும் காற்றும் நம்முடையவை, பலன் லேவாதேவிக்காரனுடையது!

1992-ஆம் வருஷத்து ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தின் நான்காவது ஷரத்தை நேயர்கள் படித்துப் பார்க்க வேண்டும். வளரும் நாடுகள் இம்முயற்சியில் ஏற்கும் அதிகப்படிச் செலவை, ஒப்புக்கொண்ட அளவில் முழுவதும், வளர்ந்த நாடுகள் கொடுக்க வேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. வக்கீல் கண்ணுக்கு இது கடமை. தர்மம் என்று படவில்லை. 2009-இல் கோபன்ஹேகனில், 2020-க்குள் வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்களித்தார்கள். அத்தொகை 2022-இல்தான் எட்டிற்று. அதிலும் சர்க்கார்களும் உலக பாங்கிகளும் தந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். கொடுக்கவேண்டியவனே புரோநோட்டு எழுதி வாங்கிக்கொள்வதை எந்தக் கோர்ட்டு ஏற்கும்?

2024 நவம்பரில் பாகு மகாநாடு 30,000 கோடி டாலர் என்று தீர்மானித்தது. வாய்தா 2035 வரை. தனியார் முதலும் இக்கணக்கில் சேரும். வளர்ந்த நாடுகள் “முன்னின்று” திரட்டினால் போதுமாம். நம் பிரதிநிதி அங்கேயே ஆட்சேபித்தது முற்றிலும் சரி.

ஆனால் நம் வீட்டுக் குறையையும் மறைப்பதற்கில்லை. பலத்த காற்று வீசும் பருவத்தில் கம்பிப் பாதை போதாமல் ஆலைகளை நிறுத்தச் சொன்ன நாட்கள் உண்டு. காற்று மிகுந்த இடங்களைப் பழைய சிற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்க, அவற்றைப் புதுப்பிக்கும் கொள்கை தமிழ்நாட்டில் வெளியானது 2024-இல். பிராது கொண்டுபோகும் கட்சிக்காரன் தஸ்தாவேஜோடு போக வேண்டாமா? எந்தச் சப்ஸ்டேஷன், எத்தனை மைல் கம்பி, எவ்வளவு முதல் என்று ஜில்லாவாரியாகத் திட்டம் எழுதப்படட்டும். மான்யமாக வரவேண்டியது இவ்வளவு, குறைந்த வட்டிக் கடனாக ஏற்கக்கூடியது இவ்வளவு என்று பிரித்துக் காட்டட்டும். அடுத்த மகாநாட்டுக்கு நம் பிரதிநிதிகள் புறப்படுமுன் அக்கணக்கு ஜனங்களின் பார்வைக்கும் வரவேண்டும்.