தீர்வு இருக்கான்னு முதல்ல கேளுங்க சாமி!

"தீர்வு உண்டு, ஒண்ணே ஒண்ணுதான்" என்று நிரூபிக்கும் தேற்றமெல்லாம் கணக்கு வாத்தியாருக்குத்தான், இன்ஜினியருக்கு விடை போதும் என்கிறார்கள் நம்ம பொட்டி தட்டும் மக்கள். சிவகாசிக்கு வந்து சொல்லுங்க பார்ப்போம்!

ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் கலவை தானாகவே சூடாகும். குவியலை ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டால், உள்ளிருக்கும் வெப்பநிலைக்கு 1939-ல் பிராங்க்-கமெனெட்ஸ்கி கொடுத்த வகைக்கெழுச் சமன்பாடு இருக்கிறது. மையத்தில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும் வில்லங்கமான சமன்பாடு. குறியை மாற்றினால் நம்ம சந்திரசேகர் அதே வருஷம் விண்மீன்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் வருவதேதான்.

அதில் டெல்டா என்ற எண் 3.32-ஐத் தாண்டினால் நிலையான விடை கிடையாது. கண்டுபிடிக்க முடியலைன்னு இல்லை, இல்லவே இல்லை. சூடு ஏறி ஏறி வெடிக்கும். சரியாக 2 என்றால் எண்ணிலடங்கா விடைகள்! கம்ப்யூட்டர் அதில் எதைத் துப்பினாலும் நம்பிடுவீங்களா? உருண்டையின் ஆரம் இருமடங்கானால் டெல்டா நாலு மடங்கு.

அறைக்கு இவ்வளவு மருந்துதான் என்ற விதியை 'கவர்மெண்ட் தொல்லை' என்பவர்களுக்கும் இதே பதில்தான். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த விபத்துக்கும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி ஃபைலை மூடுவதற்கு முன்னாடி கேளுங்க: அங்கே நிலையான விடைன்னு ஒண்ணு இருந்துச்சா? இல்லாத இடத்தில் எவ்வளவு கவனமா இருந்து என்ன பிரயோஜனம்?

கும்ம நினைப்பவர்கள் பின்னூட்டத்துக்கு வரலாம்.