முளைக்கு எத்தனை சாதி?

ஒரு படி கேழ்வரகை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி வைத்தால் ரெண்டாம் நாள் வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கும். அதைக் காயவைத்து அரைத்தால் முளைமாவு. ரிஷிவந்தியம் பக்கத்துச் சேரிகளில் பிள்ளை பெற்று வளர்த்த பெண்களுக்கு இது புதுசு இல்லை. யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. ஆயா அம்மாவுக்குச் சொன்னாள், அம்மா மகளுக்குச் சொன்னாள். இதைத்தான் வெள்ளைக்காரன் 'மால்ட்' என்கிறான்.

முளை விடும்போது விதை தன் குருத்துக்குத் தீனி தேடுகிறது. அதற்காக அமைலேஸ் என்கிற நொதியை உண்டாக்குகிறது. அந்த நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரை ஆக்குகிறது. அந்தக் கட்டத்தில் காயவைத்து நிறுத்தினால் குழந்தைக்குச் சத்துக்கஞ்சி. சுடுநீரில் கரைத்துப் புளிக்கவிட்டால் பீர். அந்தப் புளிப்பைக் காய்ச்சி வடித்து, மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டு வைத்தால் விஸ்கி. மூணுக்கும் தாய் ஒன்றுதான்: முளை.

ஆனால் மூணுக்கும் மரியாதை ஒன்றில்லை. முளைகட்டிய பார்லியும் கோதுமையும் பாலோடு சேர்ந்து டப்பாவுக்குள் போனால் ஹார்லிக்ஸ். நடுத்தர வர்க்கத்து அடுப்படியில் அதற்குத் தனி இடம். ராஜஸ்தானிலும் அரியானாவிலும் விளைந்த பார்லி உரிமம் வாங்கிய ஆலைக்குள் போனால் பீர். நட்சத்திர ஓட்டலில் அதற்கு மேசை விரிப்பு. பெங்களூர் அம்ருத் ஆலை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே போய் சிங்கிள் மால்ட் விஸ்கியை வெளியிட்டது; தேசத்துக்கே பெருமை. அதே முளையை ஒரு சேரிப் பொம்பளை பானையில் போட்டுப் புளிக்க வைத்தால்? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. பானை உடையும், ஆள் உள்ளே போவாள்.

முளைக்கு எத்தனை சாதி இருக்கிறது என்று இந்த நாட்டில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அது யார் வீட்டில் முளைத்தது என்று பார்த்தால் போதும்.

இந்தப் பேச்சை எடுக்கக் காரணம் கருணாபுரம். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே பாக்கெட்டில் வாங்கிக் குடித்த சனங்கள் கொத்துக்கொத்தாய் விழுந்தார்கள். 65-க்கும் மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலும் தலித்துகள், அன்றாடக் கூலிகள். செத்தவர்களில் பெண்களும் உண்டு. அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தது. அடுத்த நாளே டீக்கடையிலும் அலுவலகங்களிலும் பேச்சு கிளம்பியது: 'குடிச்சுட்டுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?' விபத்தில் செத்தவனுக்கு, பட்டாசு ஆலையில் செத்தவனுக்குக் கொடுக்கும்போது வராத பொருளாதாரக் கவலை சேரிச் சாவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பத்திரிகைகள் எல்லாம் 'கள்ளச்சாராயச் சாவு' என்று எழுதின. அந்தச் சொல்லிலேயே பொய் இருக்கிறது. கருணாபுரத்துச் சனங்களைக் கொன்றது மெத்தனால். வண்ணப்பூச்சு, பசை, ரசாயன ஆலைகளின் மூலப்பொருள். அது எந்தச் சேரியிலும் விளையாது, எந்த மலையிலும் ஊறாது. ஆலையிலிருந்து கேனில் வரும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். பத்து மில்லியே கண்ணைப் பறித்துவிடலாம், முப்பது மில்லியே உயிரை எடுத்துவிடலாம். தானியத்தை முளைகட்டிப் புளிக்க வைத்ததில் இந்த விஷம் வராது. மெத்தனால் இயற்கையாய் ஊறுவது பெக்டின் என்கிற பழச்சத்திலிருந்து. தானியத்தில் அது சொற்பம். கம்பையும் கேழ்வரகையும் புளிக்க வைத்துக் குடித்த பாட்டன் குடித்துக் கெட்டிருக்கலாம், கண் அவிந்து கூட்டமாய்ச் செத்ததில்லை.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி இது: புளித்த கஞ்சியிலிருந்து மெத்தனால் பாக்கெட் வரைக்கும் நம்ம சனங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது யார்?

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்று. தமிழ் எம்.ஏ. படிக்கும் தோழர்களுக்குப் பாடமாக இருக்கும். தொண்டை நாட்டு வலைஞர் குடியிருப்பில் மது செய்த முறையை அதில் படிப்படியாகச் சொல்லியிருக்கிறது. தீட்டாத அரிசியைக் களியாக்கி, அகன்ற தட்டில் ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, ரெண்டு பகலும் ரெண்டு ராத்திரியும் சாடியில் விளையவிட்டு, வடித்து எடுப்பது. முளையை இடித்துச் சேர்ப்பதாகத்தான் உரையாசிரியர்கள் பொருள் கொள்கிறார்கள். சுத்தமான மால்ட் தொழில்நுட்பம் இது. வகுப்பில் இதைப் 'பண்டைத் தமிழர் விருந்தோம்பல்' என்று நடத்துவார்கள். பரீட்சையில் பத்து மார்க். அதே வேலையை வலைஞரின் பேத்தியோ பறையரின் பேத்தியோ இன்றைக்குச் செய்தால் மதுவிலக்குப் போலீஸ் பத்து மார்க் போடாது. சென்னைக் குப்பங்களில் சுண்டக்கஞ்சி என்று அரிசியைப் புளிக்க வைத்துக் குடித்தார்கள். அதுவும் அந்த மரபின் மிச்சம்தான். சுண்டக்கஞ்சி என்ற பேரைச் சொன்னாலே மூக்கைப் பொத்துகிறவன் பீர் நுரையை மூக்கில் தடவிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறான்.

மதுவிலக்கு முதலில் வந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? 1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டம், ராஜாஜி. கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு இன்றைக்கும் சேலம் மாவட்டம்தான். 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் திறந்தார்கள், 1974-க்குள் மூடினார்கள், 1981-ல் திறந்தார்கள், 1987-ல் கள்ளுக்கடையை மூடினார்கள். அதற்கப்புறம் ஆலைச் சரக்கு தடையில்லாமல் ஓடுகிறது, கள் மட்டும் இன்றைக்கு வரைக்கும் குற்றவாளி. பனையேறியின் கலயத்துக்கும் சேரியின் பானைக்கும் தடை. ஆலைக்காரனின் பாட்டிலுக்கு அரசே கடைக்காரன்.

மலைக்கு மேலே கதை இன்னும் மோசம். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகள் 1976 வரைக்கும் ஜாகிர்தார்களுக்கு அடிமை வேலை பார்த்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருஷம் கழித்துத்தான் மலைக்கு அரசாங்கம் ஏறியது. ரோட்டோடும் பள்ளிக்கூடத்தோடும் ஏறவில்லை, முதலில் போலீசும் வனத்துறையும் ஏறின. சாமையும் தினையும் விளைந்த மலையில் இன்றைக்குச் சாராய ஊறல் எதில் போடுகிறார்கள் தெரியுமா? வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை. தானியம் இல்லை. ஏன்?

இந்த இடத்தைத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். முளைகட்டுவதற்கு நாள் வேண்டும். ஊற ஒரு ராத்திரி, முளைக்க ரெண்டு மூணு நாள், காய வெயில், இடிக்க உரல், புளிக்க மறுபடி ரெண்டு நாள். வாசலில் பாய் விரித்துக் காயவைக்க வேண்டும். ஊருக்கே தெரியும். கிடைப்பதோ பீர் அளவுக்குத்தான் ஏறும், கனமான பானை, சீக்கிரம் கெட்டுப்போகும். ஒளித்து வைக்க முடியாது, ஓடும்போது தூக்க முடியாது. போலீஸ் துரத்துகிற இடத்தில் எது பிழைக்கும்? சீக்கிரம் ஊறுவது, கொஞ்ச அளவில் நிறைய ஏறுவது, லாரி டியூபில் கட்டி இறக்கக்கூடியது. வெல்லம் தானியத்தை ஒழித்தது. அடுத்து, அடுப்பே இல்லாமல், புகையே இல்லாமல், கேனைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் போதும் என்று மெத்தனால் வெல்லத்தையும் ஒழித்தது. சட்டம் இறுக இறுகச் சரக்கின் விஷம் ஏறியது. கருணாபுரத்துக்குப் போன பாதை இது. இந்தப் பாதையைப் போட்டது குடிகாரன் இல்லை.

அதற்கு அரசு கொடுத்த பதில் என்ன? பத்து நாளில் சட்டத் திருத்தம், சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரைக்கும். மலையேறி ஊறல் பானைகளைக் கொட்டிப் படம் காட்டினார்கள். 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை மாநில போலீசிடமிருந்து எடுத்து சிபிஐயிடம் கொடுத்தது. மாநில போலீசின் லட்சணத்தைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. டாஸ்மாக் வசூல் கவுண்டருக்கு வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன். கட்டுக்கட்டாய்க் கசங்கின பத்தும் இருபதும் ஐம்பதும். கூலிக்காரன் மடியில் வியர்வை பட்ட நோட்டு எப்படி இருக்கும் என்று எண்ணுகிற விரலுக்குத் தெரியும். பக்கத்துக் கவுண்டரில் அதே சேரியிலிருந்து வந்த பெண் கால் பவுன் கம்மலை நகைக்கடனுக்கு வைத்துக்கொண்டிருப்பாள். இந்த ரெண்டு கவுண்டருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. 1983-ல் மொத்த வியாபாரத்துக்குத் தொடங்கின டாஸ்மாக் 2003-ல் சில்லறைக் கடையையும் தன் கையில் எடுத்தது. 2023-24-ல் மதுவால் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். குடியை ஒழிக்க இந்தச் சட்டம் என்று சொல்கிறவர்கள் முதலில் இந்த எண்ணைச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். சேரியின் பானையை உடைப்பது ஒழுக்கத்துக்காக இல்லை. கடைக்குப் போட்டி வரக்கூடாது என்பதற்காக.

இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பும் இல்லை. தமிழ்க் கூலிகள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தென்னாப்பிரிக்க டர்பனில் இதே வேலையை வெள்ளையன் செய்தான். அங்கே கறுப்பினப் பெண்கள் முளைகட்டிய சோளத்தில் பீர் காய்ச்சிப் பிழைத்தார்கள். 1908-ல் நேட்டாலில் சட்டம் வந்தது. டர்பன் நகராட்சி அதைப் பிடித்துக்கொண்டு சோள பீர் விற்பனையைத் தன் ஏகபோகமாக்கியது. பெண்கள் காய்ச்சினால் குற்றம், நகராட்சிக் கடையில் குடித்தால் வருமானம். அந்த வருமானத்தில் கறுப்பர்களை அடக்கி ஆளும் நிர்வாகத்தை நடத்தினார்கள். குடிக்கிறவன் காசிலேயே அவனுக்கு விலங்கு. 1929-லும், 1959-ல் கேட்டோ மேனரிலும் அந்தப் பெண்கள் தடியெடுத்துக்கொண்டு நகராட்சி பீர்க்கடைகளுக்குள் புகுந்தார்கள். புருஷன் குடியும் கூடாது, எங்கள் பானையை உடைக்கவும் கூடாது என்று ரெண்டையும் சேர்த்துக் கேட்ட போராட்டம் அது.

நம்ம இயக்கத்துக்குள்ளேயே கோபம் வரும் என்று தெரியும். 'பாபாசாகேப் 1956-ல் நாக்பூரில் எடுக்கச் சொன்ன இருபத்திரண்டு உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் இருக்கிறதே. அயோத்திதாசர் மீட்டெடுத்த பௌத்தத்தின் பஞ்சசீலத்தில் கள்ளுண்ணாமை இருக்கிறதே. 2024 அக்டோபர் 2 உளுந்தூர்பேட்டை மாநாட்டில் நம்ம பெண்கள் மதுவை ஒழி என்றுதானே கூடினார்கள். நீ பானைக்கு வக்காலத்து வாங்குறியா?' என்று கேட்கலாம்.

கேளுங்க. அந்தப் பெண்களின் கோபத்துக்கு எதிராக ஒரு வார்த்தையும் என்னிடம் இல்லை. குடிசைக்குள் கள் இருந்த காலத்திலும் அடி விழுந்தது, நான் அதைப் பொற்காலம் என்று பாடமாட்டேன். ஆனால் உறுதிமொழி வேறு, லத்தி வேறு. அம்பேத்கர் கொடுத்தது நாம் நமக்கே எடுத்துக்கொள்வது. அதற்கு மனுசன் சுயமரியாதையோடு நிற்க வேண்டும். 1937 சட்டம் அடுத்தவன் நம் கதவை உதைத்துக்கொண்டு வருவது. 1982 குண்டர் சட்டத்தில் சாராயக்காரன் என்று பிடித்துப் போடப்படுவது கேன் தூக்கினவனும் பாக்கெட் விற்றவளும். ஆலையிலிருந்து மெத்தனாலை வெளியே விட்டவனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நம்மை மதுவிலிருந்து விடுவிக்கிற பொறுப்பை, நமக்கு மது விற்கிறவனிடமே கொடுத்துவிட்டு மாநாடு முடிந்து வீட்டுக்குப் போக முடியாது.

1996-ல் வந்த பெசா சட்டம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் மதுவைத் தடுப்பதா, முறைப்படுத்துவதா என்ற அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்தது. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பழங்குடிகள் வீட்டுத் தேவைக்கு அளவோடு காய்ச்ச விலக்கு உண்டு. அசாமின் திமாசா மக்களுடைய ஜுதிமா என்ற அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. கல்வராயன் மலை மக்களுக்கு மது வேண்டாம் என்று சொல்லவும் அதிகாரமில்லை, வேண்டும் என்று சொல்லவும் அதிகாரமில்லை. உணவுக் கழகத்து அரிசியையும் மக்காச்சோளத்தையும் எத்தனாலாக்கிப் பெட்ரோலில் கலக்கிற நாடு இது. காருக்குத் தானியச் சாராயம் தேசிய கொள்கை. கூலிக்காரிக்குப் பானை வைத்தால் வழக்கு.

கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புளிக்க வைத்த கள்ளையும் தானியக் கஞ்சியையும் காய்ச்சி வடித்த சாராயத்தோடு ஒரே குற்றமாகக் கட்டுகிற சட்டத்தைப் பிரி. மெத்தனால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆலை முதலாளியைப் பொறுப்பாக்கு. கல்வராயன் மலையை ஐந்தாம் அட்டவணையில் சேர். ஒரு ஊரில் மதுக்கடை இருக்கலாமா, பானை இருக்கலாமா என்பதை அந்த ஊர்ச் சேரிப் பெண்களும் உட்காருகிற கிராம சபை முடிவு செய்யட்டும். அவர்கள் ரெண்டும் வேண்டாம் என்றால் ரெண்டும் வேண்டாம், டாஸ்மாக்கையும் சேர்த்துத்தான்.

படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு உங்க ஊருக்குப் போங்க. இந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்க. பதிவு செய்ய மறுத்தால் மறுத்ததை எழுதி வாங்குங்க. அந்தக் காகிதத்தின் நகலை நம்ம இதழுக்கு அனுப்புங்க. எத்தனை ஊரில் மறுத்தார்கள் என்று வரிசையாக அச்சுப் போடுவோம்.