தட்டில் செத்த செல்

"நம் இலைதழை புற்றுநோயைக் கொல்லும் என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமே நிரூபித்துவிட்டது, பிறகு எதற்குக் கீமோ?" என்று தன் கட்டுரையில் கேட்கிறார் நண்பர். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை.

பேராசிரியர் கோ ஹ்வீ லிங் குழு 2020இல் அறிவித்தது ஏழு தாவரங்களைப் பற்றி. நம் நீர்நொச்சியும் அதில் ஒன்று. இலைச்சாற்றை ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள்மீது விட்டார்கள், செல்கள் செத்தன. நல்ல தொடக்கம். ஆனால் அந்தத் தட்டில் பிளீச் ஊற்றினாலும் சாகும். நோயாளிகள் தாங்களாகவே வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம் என்று அதே குழு எச்சரித்ததை நண்பர் ஏன் விட்டுவிட்டார்?

என் வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத் தொட்டியில் நித்தியகல்யாணி பூத்திருக்கிறது. அதிலிருந்துதான் 1950களில் கனடாவில் ஆய்வாளர்கள் நோபிளும் பீரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். மில்லிகிராம் கணக்கில் ஊசியேற்றும் மருந்து அது. அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜையையே ஒடுக்கிவிடும். கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று எந்தக் கரண்டியால் அளப்பது?

'இலையில் இருப்பது ஆன்டிஆக்சிடன்ட்தானே, கெடுதல் இல்லை' என்பதும் தவறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியது. அது 1994இல் வந்த முடிவு.

போன வாரம் தேக்கா சந்தையில் தலையில் துணி கட்டிய ஓர் அக்கா, செய்தித்தாளில் சுற்றிய இலைக்கட்டை நெஞ்சோடு அணைத்துப் போனார். காம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நண்பரின் கட்டுரையை அவரும் படித்திருப்பாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.