எண்ணூர் ரயிலுக்கு வழிவிடுங்கள்

நாட்டுக்கே வண்டி செய்து கொடுத்த வட்டாரம் திருவொற்றியூரும் எண்ணூரும். அசோக் லேலண்டின் கதை 1948இல் இங்கே தொடங்குகிறது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிறகு டயருக்கு வளர்ந்தது. புல்லட் மோட்டார் சைக்கிளும் பல்லாண்டுகள் இங்கேதான் உருவானது. ஆனால் முதல் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி இன்றும் எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வண்டியை நுழைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

வேறு வழியில்லாத ஊரா இது? தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895இல் மதராஸில் ஓடியது; 1953இல் அதை மூடினோம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரமும் 1960இல் டிராமை ஒழித்தது. புகையும் நெரிசலும் பொறுக்காமல் 1994இல் மீண்டும் தண்டவாளம் போட்டது. வட சென்னைக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. சென்ட்ரலிலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிவரை புறநகர் ரயில் ஏற்கெனவே ஓடுகிறது.

ஓடுகிறது, ஆனால் நின்று நின்று. கூடூர் மார்க்கத்தின் எக்ஸ்பிரஸ்களுக்கும் துறைமுகங்களின் சரக்கு ரயில்களுக்கும் இதுவே வழி. முன்னால் ஒரு சரக்கு ரயில் போனால் புறநகர் ரயில் சிக்னலில் காத்திருக்கும். தாமதமாக உள்ளே வருபவரின் கூலியை ஆலை பிடிக்குமே தவிர, சிக்னலைக் காரணமாக ஏற்காது. மாதத்தில் நாலு முறை இப்படி ஆனால் எவரும் கடன் வாங்கியாவது ஒரு வண்டி வாங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

2021 பிப்ரவரி 14 அன்று பிரதமர் சென்னையில் இரண்டு திட்டங்களைத் தொடங்கிவைத்தார். ஒன்று, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ. செலவு 3,770 கோடி ரூபாய். அதைப் பற்றி ஊரே பேசியது. மற்றது, சென்னைக் கடற்கரை முதல் அத்திப்பட்டுவரை 22.1 கிலோமீட்டருக்கு நான்காவது ரயில் பாதை. செலவு 293 கோடி. சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்தையும் இணைத்துச் சரக்குப் போக்குவரத்தை எளிதாக்கவே அது என்று அரசு விளக்கியது. நல்லது. சரக்குக்குத் தனிவழி கிடைத்தால் அதன் பலன் பயணிக்கும் வர வேண்டும் அல்லவா? அத்திப்பட்டைத் தாண்டினால் மறுபடியும் இரண்டே பாதைகள். துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 5,800 கோடிக்கும் மேல் ஒதுக்க முடிகிற நாட்டில், மீதிப் பாதைக்குப் பணமில்லை என்ற பேச்சு எடுபடாது.

மெட்ரோவை எண்ணூர்வரை நீட்டட்டும் என்பவர்கள் உண்டு. நீட்டட்டும். ஆனால் இப்போது கட்டப்படும் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தில் ராயபுரமும் இல்லை, எண்ணூரும் இல்லை. அதற்கடுத்த கட்டம் வரும்வரை தொழிலாளி காத்திருக்க முடியாது.

சென்னையைப் போலவே துறைமுகத்தை நம்பி வாழும் ஜெர்மனியின் ஹாம்பர்க், 1965இலேயே தனித்தனி போக்குவரத்து நிறுவனங்களை ஒரே கட்டண முறைக்குள் கொண்டுவந்தது. அங்கே எல்பே ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஏர்பஸ் ஆலைக்குப் படகில் போகிற தொழிலாளிக்கும், ரயிலிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறுகிறவருக்கும் ஒரே சீட்டுதான். சென்னையிலும் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு. பாராட்ட வேண்டிய தொடக்கம். ஆனால் சீட்டு ஒன்றானதே தவிர, கட்டணம் இன்னும் கூட்டல் கணக்காகவே இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. புறநகர் ரயிலில் 5 ரூபாய்க்குத் தொடங்கும் பயணத்தை, மெட்ரோவில் மாறும்போது இன்னொரு 10 ரூபாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமென்றால் மாறுகிறவர் குறைவாகத்தான் இருப்பார்கள். சாதாரணப் பேருந்தில் 2021 முதல் கட்டணமின்றிப் போகும் பெண்களுக்கோ, ரயிலும் மெட்ரோவும் கைக்கு எட்டாத வசதிகளாகவே தோன்றும்.

காலை, மாலை ஷிப்டு நேரங்களில் சரக்கு ரயிலை நிறுத்திவிட்டுப் புறநகர் ரயிலை முதலில் விட வேண்டும். அடுத்த கால அட்டவணையிலேயே தெற்கு ரயில்வே இதைச் செய்யலாம். அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி கூடுதல் பாதைகளை ரயில்வே அமைச்சகம் விரைந்து முடிக்க வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டு நிலையங்களிலிருந்து ஆலை வாசல்களுக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் ரயில் வரும் நேரத்துக்கு ஏற்ற சிற்றுந்துகளை மாநகரப் போக்குவரத்துக் கழகம் விட வேண்டும். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு, 2010 சட்டத்தின்படி அமைந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துடையது. அதை வட சென்னையிலிருந்தே தொடங்கட்டும்.