ரன் இல்லாத பந்துக்கு 500 மரம்



2023 ஐபிஎல் பிளே-ஆஃப் ஆட்டங்களில் ரன் இல்லாத ஒவ்வொரு பந்துக்கும் 500 மரக்கன்று நடுவோம் என்றது கிரிக்கெட் வாரியம். டிவியில் புள்ளிக்குப் பதில் பச்சை மரம். சேப்பாக்கத்தில் குஜராத்தை சென்னை ஜெயித்த அன்று அந்தப் படத்தை எனக்கு எத்தனை பேர் அனுப்பினீர்கள்! சரி, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

பள்ளிக்கூடத்தில் நாம் பார்க்காததா? ஜூலையில் வன மகோற்சவம். விருந்தினர் நடுவார், போட்டோ எடுப்பார்கள். கோடையில் கன்று காய்ந்துவிடும். அடுத்த ஜூலையில் அதே குழி. (தோண்டும் கூலி மிச்சம்.)

இங்கிலாந்தில் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் என்று ஒரு சின்ன கால்பந்து கிளப். புல்தரைக்கு ரசாயனம் போடுவதை நிறுத்தினார்கள், கூரையில் சோலார் வைத்தார்கள், மைதானத்தில் இறைச்சி விற்பதையே விட்டார்கள். எல்லாம் சொந்த வீட்டுக்குள் செய்த மாற்றம். இங்கே ராத்திரி ஆட்டத்துக்கு எரியும் விளக்கையும், ஊருக்கு ஊர் அணிகள் பறக்கும் விமானத்தையும் குறைப்பது கஷ்டம். கன்று நடுவது சுலபம்.

மரத்துக்கு நான் எதிரியா? நம் ஊர் பேரே ஆலங்காடு, சாமி பேர் வடாரண்யேசுவரர். எந்த ஊரில், எந்த சர்வே எண்ணில் நட்டார்கள், இன்று எத்தனை உயிரோடு நிற்கிறது? இந்தக் கணக்கை வருஷா வருஷம் வெளியிடச் சொல்லுங்கள். சேப்பாக்கத்துக்கு டிக்கெட் எடுக்கிற நீங்கள்தான் கேட்க வேண்டும்.